ஆயிரம் ராத்தல் மீனைப் பிடித்த கதாசிரியர்

பழைய ரீலா, புதிய ரீலா? - ஸேன் கிரேயின் வாழ்க்கை சொல்லும் பதில்

1930-ம் ஆண்டு. பசிபிக் பெருங்கடலில் உள்ள தாகித்தி தீவு.

அன்று ஒரு பெரிய மீன் கரைக்குக் கொண்டுவரப்பட்டது. ஈட்டி போல மூக்கு நீண்ட மீன் அது. மார்லின் என்று பெயர்.

எடை போட்டுப் பார்த்தார்கள். 1,040 ராத்தல்! அதாவது 471 கிலோ. நல்ல எருமை மாடு ஒன்றின் எடை!

வலை வீசிப் பிடித்த மீன் அல்ல அது. ஒரே மனிதர், ஒரே தூண்டிலைக் கொண்டு போராடிப் பிடித்தது. தூண்டில் கோலால் ஆயிரம் ராத்தலுக்கு மேல் எடையுள்ள மீனைப் பிடித்த முதல் மனிதர் என்று அவரையே சொல்கிறார்கள்.

அவருக்கு அப்போது வயது 58. அவர் மீனவர் அல்ல. கதை எழுதிக் கோடீசுவரர் ஆனவர்!

அவர் பெயர் ஸேன் கிரே. அமெரிக்காவில் குதிரை வீரர் கதைகளை எழுதிப் பெரும் புகழ் பெற்றவர்.

வீட்டில் சைக்கிள் பழசானால் என்ன செய்கிறோம்? பழுது பார்ப்பதா, புதிது வாங்குவதா என்று யோசிக்கிறோம். கடிகாரம் நின்றுபோனாலும் அதே கேள்விதான். ஸேன் கிரேயின் காலத்தில் தூண்டில்காரர்களிடையேயும் அந்தக் கேள்வி எழுந்தது. அந்தக் கேள்வியோடு பின்னிக் கிடந்தது அவருடைய வாழ்க்கை.

ரீல் என்பது என்ன?

குளத்தில் கெண்டை பிடிக்க ஒரு மூங்கில் குச்சியும், கொஞ்சம் நரம்பும், ஒரு முள்ளும் போதும். கடலில் அது போதாது. பெரிய மீன் முள்ளில் மாட்டினால், நூறு கெஜம், இருநூறு கெஜம் என்று கயிற்றை இழுத்துக்கொண்டு ஓடும்.

அவ்வளவு கயிற்றையும் சுற்றி வைக்க ஓர் உருளை வேண்டும். அதைச் சுற்றக் கைப்பிடி வேண்டும். இதற்குத்தான் ரீல் என்று பெயர். தையல்காரர் வைத்திருக்கும் நூல் ரீல் போன்றதுதான். ஆனால் உலோகத்தால் ஆனது. உள்ளே கடிகாரத்தில் இருப்பது போலப் பல்சக்கரங்கள் இருக்கும்.

மீன் ஓடும்போது கயிற்றை விட்டுக் கொடுக்க வேண்டும். மீன் களைத்ததும் சுற்றி இழுக்க வேண்டும். விடாமல் பிடித்தால் கயிறு அறும். ஒரேயடியாக விட்டால் மீன் போய்விடும். இரண்டுக்கும் நடுவே நிற்பதுதான் ரீலின் வேலை.

முத்து என்ற பையன்

1872-ம் ஆண்டு ஜனவரி 31-ந் தேதி ஸேன் கிரே பிறந்தார். ஊர், அமெரிக்காவில் ஒகையோ மாநிலத்தில் உள்ள ஸேன்ஸ்வில். அவருடைய தாய்வழி முன்னோர்கள் உண்டாக்கிய ஊர் அது.

பெற்றோர் அவருக்கு வைத்த பெயர் பெர்ல். அதற்கு முத்து என்று பொருள். நம் நாட்டில் முத்து என்ற பெயர் ஆண்களுக்கும் உண்டு. அமெரிக்காவில் அது பெண்களின் பெயர்! இந்தப் பெயர் பையனுக்கு வேதனையாக இருந்தது. பெரியவரானதும் அதை விட்டுவிட்டு, ஸேன் என்ற குடும்பப் பெயரையே வைத்துக்கொண்டார்.

தகப்பனார் பல் வைத்தியர். மிகவும் கண்டிப்பானவர். மகன் ஆற்றங்கரையில் பொழுதைக் கழிப்பது அவருக்குப் பிடிக்காது. கதை எழுதுவதும் பிடிக்காது. பையன் எழுதிய முதல் கதையை அவர் கிழித்துப் போட்டுவிட்டார்.

அந்த ஊரில் ஒரு கிழவர் இருந்தார். எப்போதும் தூண்டிலும் கையுமாக இருப்பார். ஊரார் அவரை மதிப்பதில்லை. மட்டி மைசர் என்று பட்டப்பெயர் வைத்திருந்தார்கள். சேற்றுக் கஞ்சன் என்று அதற்கு அர்த்தம்.

அந்தக் கிழவர்தான் சிறுவனின் நண்பர். மீன் பிடிப்பது வீண் வேலை அல்ல என்ற எண்ணத்தைச் சிறுவன் மனதில் ஊன்றியவர் அவரே. பின்னாளில் கிரே எத்தனையோ விலை உயர்ந்த ரீல்களை வைத்திருந்தார். ஆனால் அவருடைய மீன்பிடிப் படிப்பு தொடங்கியது, ஊர் ஒதுக்கிய ஒரு கிழவரிடம்தான்.

பல் வைத்தியர் கதாசிரியர் ஆனார்

தகப்பனார் தவறான இடத்தில் பணத்தைப் போட்டு நஷ்டம் அடைந்தார். குடும்பம் வேறு ஊருக்குப் போக நேர்ந்தது. பையனும் தகப்பனாரோடு சேர்ந்து பல் பிடுங்கும் வேலை செய்தான்.

பேஸ்பால் என்ற பந்தாட்டத்தில் அவர் கெட்டிக்காரர். அந்த ஆட்டத்தின் பலத்தால் பிலடெல்பியா நகரில் உள்ள பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்தது. 1896-ல் பல் வைத்தியப் பட்டம் பெற்றார். நியூயார்க்கில் வைத்தியசாலை திறந்தார்.

ஆனால் மனம் பல்லில் இல்லை. ஆற்றில் இருந்தது! ஓய்வு கிடைக்கும்போதெல்லாம் டெலாவேர் ஆற்றங்கரையில் உள்ள லாக்கவாக்ஸன் என்ற ஊருக்குத் தூண்டிலோடு போய்விடுவார்.

1900-ல் அங்கே லினா ராத் என்ற பெண்ணைச் சந்தித்தார். 1905-ல் திருமணம் நடந்தது. டாலி என்று அந்த அம்மையாரைச் செல்லமாக அழைத்தார்.

டாலி அம்மையார் படித்தவர். கொஞ்சம் சொத்தும் உள்ளவர். கணவர் வைத்தியத் தொழிலை விட்டு எழுத உட்கார்ந்தபோது, தன் பணத்தைக் கொண்டு குடும்பத்தைத் தாங்கினார். அவர் எழுதியதைத் திருத்திக் கொடுத்தார். பதிப்பாளர்களோடு பேரம் பேசினார்.

கிரே எழுதி முதலில் அச்சான கட்டுரை எதைப் பற்றியது தெரியுமா? மீன் பிடிப்பதைப் பற்றி! 1902-ல் ஒரு பத்திரிகையில் அது வெளிவந்தது.

பல ஆண்டுகள் பதிப்பாளர்கள் அவரைத் திருப்பி அனுப்பினார்கள். அவர் தளரவில்லை. 1912-ல் 'ரைடர்ஸ் ஆப் தி பர்ப்பிள் சேஜ்' என்ற நாவல் வெளிவந்தது. அமோகமாக விற்றது. அதன்பின் பணம் கொட்டியது. அவருடைய கதைகளை வைத்து 100-க்கு மேற்பட்ட சினிமாப் படங்கள் எடுக்கப்பட்டன.

கணவனும் மனைவியும் ஓர் ஏற்பாடு செய்துகொண்டார்கள். வருமானத்தில் இருவருக்கும் சரிபாதி. டாலி அம்மையார் தன் பங்கைக் காத்தார். கிரே தன் பங்கைக் கடலில் செலவழித்தார்.

விரலை உடைத்த ரீல்

லாஸ் ஏஞ்சலிஸ் நகருக்கு எதிரே கடலில் கேட்டலினா என்ற தீவு இருக்கிறது. பெரிய மீன்களைத் தூண்டில் கோலால் பிடிக்கும் விளையாட்டு வளர்ந்தது அங்கேதான்.

1898-ல் சார்லஸ் ஹோல்டர் என்ற இயற்கை நூலறிஞர் அங்கே 183 ராத்தல் எடையுள்ள சூரை மீனைப் பிடித்தார். ஏறக்குறைய நான்கு மணி நேரம் போராட வேண்டியிருந்தது. அதே ஆண்டு அங்கே சூரை மீன் சங்கம் ஒன்று தொடங்கப்பட்டது.

அந்தக் காலத்து ரீலில் பிரேக் கிடையாது. மீன் ஓடினால் உருளை சுழலும். உருளையோடு கைப்பிடியும் எதிர்ப்பக்கமாகச் சுழலும். கையை எடுக்கச் சற்றுத் தாமதித்தால் போதும். கைப்பிடி விரலில் அடித்து எலும்பை உடைத்துவிடும்!

மீனை நிறுத்த ஒரே வழிதான் இருந்தது. உருளைக்கு மேலே ஒரு தோல் பட்டை தொங்கும். அதைக் கட்டைவிரலால் அழுத்த வேண்டும். மணிக்கணக்கில் அழுத்த வேண்டும்.

இதற்குச் சிலர் ஒரு தந்திரம் செய்தார்கள். பழைய ரீலைத் தூக்கி எறியவில்லை. கைப்பிடியை மட்டும் கழற்றினார்கள். உள்ளேயே பிரேக் அமைந்த புதுக் கைப்பிடியை மாட்டிக்கொண்டார்கள். குறைந்த செலவில் காரியம் முடிந்தது. விரலும் தப்பியது.

வில்லியம் போஷன் என்பவர் வேறு வழியில் போனார். ரீலுக்கு உள்ளேயே பிரேக் வேண்டும் என்று எண்ணினார். அவருடைய யோசனையை புரூக்ளினில் இருந்த ஜூலியஸ் வாம் ஹோப் என்ற கைதேர்ந்த ரீல் தொழிலாளி செய்து முடித்தார்.

பல்சக்கரத்துக்குள் உலோக வாஷர், தோல் வாஷர் என்று மாற்றி மாற்றி அடுக்கியிருந்தார்கள். வெளியே நட்சத்திரம் போல ஒரு சிறு சக்கரம். அதைத் திருகினால் வாஷர்கள் நெருங்கும். பிரேக் இறுகும். தளர்த்தினால் கயிறு நழுவும். மீன் எவ்வளவு வேகமாக ஓடினாலும் கைப்பிடி திரும்பிச் சுழலாது!

1913-ல் போஷன் அந்தப் புது ரீலைக் கொண்டு 355 ராத்தல் வாள்மீனைப் பிடித்தார். தூண்டில் கோலில் வாள்மீன் பிடிபட்டது அதுவே முதல் தடவை. கேட்டலினா முழுவதும் இதே பேச்சு!

ஸேன் கிரே கேட்டலினாவில் மும்முரமாக இறங்கியது இந்தக் காலத்தில்தான்.

ஒரு பெண்மணி தந்த அடி

கிரேக்கு வாள்மீன்மேல் பைத்தியம் பிடித்தது. நாட்கணக்கில் கடலில் அலைந்தார். கயிறு அறுந்து, முள் நழுவி, பல மீன்கள் தப்பின. ஒவ்வொரு தோல்விக்குப் பின்னும் இன்னும் பலமான கோல், இன்னும் பெரிய ரீல் என்று தேடினார்.

அக்காலத்துக் கயிறு லினன் நூலால் ஆனது. ஈரத்தோடு வைத்தால் இற்றுப்போகும். தினமும் மாலையில் முழுக் கயிற்றையும் அவிழ்த்துக் காய வைக்க வேண்டும். ரீல் எவ்வளவு உயர்வாக இருந்தாலும் இந்த வேலையைச் செய்யாதவனுக்கு மீன் கிடையாது.

1920-ல் கிரே 418 ராத்தல் வாள்மீனைப் பிடித்தார். அவருக்குப் பெருமை தாங்கவில்லை.

அடுத்த ஆண்டே அதே சங்கத்தில் ஒரு பெண்மணி 426 ராத்தல் வாள்மீனைப் பிடித்துவிட்டார்! மிகவும் ஒல்லியான உடம்பு அவருக்கு.

கிரேயால் அதைத் தாங்க முடியவில்லை. பிறர் உதவி இல்லாமல் அந்த அம்மாள் அதைப் பிடித்திருக்க முடியாது என்று பேசினார். சங்கத்தார் அவரை மன்னிப்புக் கேட்கச் சொன்னார்கள். கிரே மன்னிப்புக் கேட்டார். ஆனால் சங்கத்தை விட்டு விலகிவிட்டார்.

நல்ல பிரேக் உள்ள ரீல் வந்தபின் பலசாலிக்கு மட்டுமே பெரிய மீன் என்ற நிலை மாறிவிட்டது. நிதானம் உள்ளவர் யாரும் பிடிக்கலாம். புது ரீலைப் புகழ்ந்த கிரே, அது மற்றவர்களுக்கும் அதே உதவியைச் செய்யும் என்பதை மறந்துவிட்டார்!

நியூசிலாந்தில் தகராறு

1924-ல் கானடாவின் நோவாஸ்கோஷியா கடலில் கிரே 758 ராத்தல் சூரை மீனைப் பிடித்தார். அது அந்நாளில் உலக சாதனை. மூன்று பாய்மரம் உள்ள கப்பல் ஒன்றையும் விலைக்கு வாங்கினார்.

1926-ல் நியூசிலாந்துக்குப் போனார். பே ஆப் ஐலண்ட்ஸ் என்ற இடத்தில் ஒரு தீவில் முகாம் போட்டார்.

அந்த ஊர்க்காரர்கள் வைத்திருந்தது வேறு மாதிரியான ரீல். அது இங்கிலாந்துப் பாணி. கோலின் அடிப்பக்கத்தில் மாட்டப்பட்டிருக்கும். கைப்பிடியை ஒரு தடவை சுற்றினால் உருளையும் ஒரு தடவைதான் சுற்றும். உள்ளே பல்சக்கரம் இல்லை. கிரேயின் ரீல் கோலின் மேற்பக்கத்தில் இருக்கும். கைப்பிடியை ஒரு தடவை சுற்றினால் உருளை பல தடவை சுற்றும்.

உள்ளூர்க்காரர்களின் ரீலைக் கிரே குறை சொன்னார். மூன்று கவர் உள்ள அவர்களுடைய தூண்டில் முள்ளையும் குறை சொன்னார். அது விளையாட்டுக்கு அழகல்ல என்றார். பத்திரிகைகளில் எல்லாம் இது வெளிவந்தது.

ஊரார் கொதித்தெழுந்தார்கள். நேற்று வந்தவர் நமக்குப் பாடம் சொல்வதா என்று ஆத்திரப்பட்டார்கள். கிரே வருவதற்கு முன்பே, அந்தப் பழைய ரீல்களைக் கொண்டு அவர்கள் மார்லின்களைப் பிடித்துக்கொண்டுதான் இருந்தார்கள்!

ஆனால் கிரேயின் கோஷ்டியும் சும்மா இருக்கவில்லை. அவருடைய நண்பர் காப்டன் மிட்செல், அதே ஆண்டில் 976 ராத்தல் கறுப்பு மார்லினைப் பிடித்துக் காட்டினார். கோபம் இருந்தாலும், கண்ணெதிரே கண்டதை யாரால் மறுக்க முடியும்? போகப் போக அங்கேயும் பிரேக் வைத்த ரீல்கள் பரவின.

சொன்ன விஷயம் சரி. சொன்ன விதம் தவறு. கிரேயின் வாழ்க்கையில் பல தடவை நடந்தது இதுதான்.

அவர் பெயரிலேயே ரீல்

வட இங்கிலாந்தில் ஹார்டி சகோதரர்கள் என்ற கம்பெனி இருந்தது. கிரே பிறந்த அதே 1872-ல் தொடங்கிய கம்பெனி அது. 1920-களின் கடைசியில் அவர்கள் ஸேன் கிரே என்ற பெயரிலேயே ஒரு பெரிய கடல் ரீலைச் செய்தார்கள். உப்புத் தண்ணீரில் துருப்பிடிக்காத உலோகம். கடிகாரம் போன்ற வேலைப்பாடு. பணக்காரர்கள் மட்டுமே வாங்கக்கூடிய விலை.

பிறகுதான் தாகித்தியில் அந்த 1,040 ராத்தல் மார்லின் சிக்கியது.

ஆனால் விதியைப் பாருங்கள்! மீனைப் படகுக்கு இழுத்து வருவதற்குள் சுறாக்கள் அதைக் கடித்துச் சதையைப் பிய்த்துவிட்டன. பிற பிராணி கடித்த மீன் சாதனைக் கணக்கில் சேராது. உலகிலேயே பெரிய மீனைப் பிடித்தும், பதிவேட்டில் அவருக்கு இடம் கிடைக்கவில்லை.

பணத்தை விழுங்கிய கப்பல்

இந்தச் சமயத்தில் கிரே ஒரு காரியம் செய்தார். பழைய உல்லாசக் கப்பல் ஒன்றை வாங்கினார். அதைப் புதுப்பித்து உலகம் சுற்றி மீன் பிடிக்கப் போவதாகத் திட்டம்.

ரீல் விஷயத்தில் எப்போதும் புதிது தேடியவர், கப்பல் விஷயத்தில் பழசை வாங்கினார்! புதுப்பிக்கப் புதுப்பிக்கப் பணம் போய்க்கொண்டே இருந்தது. எண்ணெய்ச் செலவு வேறு. மாலுமிகளின் சம்பளம் வேறு.

அதே நேரத்தில் அமெரிக்காவில் பெரும் பொருளாதார மந்தம் வந்தது. புத்தகம் வாங்குவார் குறைந்தார்கள். வருமானம் சுருங்கியது. திரும்பி வரும்படி டாலி அம்மையார் கெஞ்சினார். உலகப் பயணம் பாதியில் நின்றது. கப்பல் விற்கப்பட்டது. குடும்பத்தை முழுகாமல் காப்பாற்றியது அம்மையாரின் கணக்குப் புத்தகம்தான்.

அப்போதும் கிரே கடலை விடவில்லை. 1936-ல் ஆஸ்திரேலியாவின் சிட்னிக்கு அருகே 1,036 ராத்தல் புலிச் சுறாவைப் பிடித்தார்.

1937-ல் ஓர் ஆற்றில் மீன் பிடிக்கப் போன இடத்தில் பக்கவாதம் தாக்கியது. ஓரளவு தேறினார். 1939-ம் ஆண்டு அக்டோபர் 23-ந் தேதி, கலிபோர்னியாவில் தன் வீட்டில், மாரடைப்பால் காலமானார். வயது 67.

டாலி அம்மையார் 1957 வரை வாழ்ந்தார். இருவருடைய அஸ்தியும் லாக்கவாக்ஸனில், அவர்கள் முதலில் சந்தித்த ஆற்றுக்கு அருகே அடக்கம் செய்யப்பட்டிருக்கின்றன.

பழசா, புதுசா?

கிரே பல் வைத்தியம் படித்த அதே பிலடெல்பியாவில், 1932-ல் ஆட்டோ ஹென்ஸே என்ற ஜெர்மானியர் பென் என்ற ரீல் கம்பெனியைத் தொடங்கினார். பொருளாதார மந்தக் காலம் அது. சாதாரண மக்கள் வாங்கக்கூடிய ரீல்களை அவர் செய்தார். போஷனின் நட்சத்திரச் சக்கரம் ஏழைகளின் கைக்கும் வந்தது.

அந்தக் கம்பெனி ரீல்களின் அமைப்பு பல ஆண்டுகள் அதிகம் மாறவில்லை. அதனால் தாத்தா வைத்திருந்த ரீலைப் பேரன் இன்றும் பழுது பார்த்துப் பயன்படுத்துகிறான். உள்ளே இருக்கும் பழைய வாஷர்களை எடுத்துவிட்டு, கார்பன் நாரால் ஆன வாஷர்களைப் போட்டால் போதும். பிரேக் வழவழவென்று வேலை செய்யும்.

எப்போது பழசைச் சீர் செய்யலாம்? உடல் நேராக இருந்து, உருளையில் வெடிப்பு இல்லாமல், உதிரிப் பாகம் எளிதாகக் கிடைத்தால் சீர் செய்யலாம். செலவும் குறைவு.

எப்போது கூடாது? பல்சக்கரம் தேய்ந்து, உடல் வளைந்திருந்தால் கூடாது. பலவீனமான ரீலுக்குப் பலமான பிரேக் போட்டால், இழுப்பு முழுவதும் அந்தப் பல்சக்கரத்தின் மேல்தான் விழும். நல்ல மீன் மாட்டிய நேரத்தில் அது காலை வாரிவிடும். ஒவ்வொரு பாகமாக மாற்றிக்கொண்டே போனால், கடைசியில் புதிய ரீலின் விலையை மிஞ்சிவிடும். கிரேயின் கப்பல் கதை அதுதான்!

ஆகவே பழசு என்பதற்காக எறியவும் வேண்டாம். பழசு என்பதற்காகக் கட்டி அழவும் வேண்டாம். முதலில் திறந்து பார்த்து, செலவைக் கணக்குப் போட்டு, பிறகு முடிவு செய்வதே புத்திசாலித்தனம்.

ஸேன் கிரேக்கு ரீல் செய்து கொடுக்க உலகத்தில் எத்தனையோ கெட்டிக்காரர்கள் இருந்தார்கள். கணக்குப் பார்த்துச் சொல்ல ஒரே ஒருவர்தான் இருந்தார். அவர் வீட்டிலேயே இருந்தார். அவர் பேச்சை இன்னும் கொஞ்சம் முன்னதாகக் கேட்டிருந்தால், அந்தக் கப்பல் அவருடைய பணத்தை விழுங்கியிருக்காது!